ஸ்கேனுக்கும் உள்பரிசோதனைக்கும் துணைக்குப் போகிறவர்களுக்கு

முத்துப்பேட்டை, வேதாரண்யம் பக்கமிருந்து பெண்கள் முதல் பஸ் பிடித்துத் தஞ்சாவூர் வருகிறார்கள். சீட்டுப் போட்டு, வரிசையில் உட்கார்ந்து, பெயரைக் கூப்பிட்டு, எம்.ஆர்.ஐ. மேசையில் படுத்த இரண்டாம் நிமிடம் "அய்யோ, என்னால முடியாதுங்க" என்று எழுந்துவிடுகிறார்கள். பிறப்புறுப்பு வழியாகப் பார்க்கும் உள்பரிசோதனை அறையிலும் இதே கதைதான். கட்டிலில் ஏறியதும் இரண்டு முழங்காலும் ஒட்டிக்கொள்ளும். கையைத் தொட்டால் சில்லிட்டிருக்கும். வெளியே வந்தால், கூட வந்தவர் பிடித்துக்கொள்வார்: "இதுக்குப் போயா பயப்படுவ? நாங்கல்லாம் நாலு பெத்தவங்க." அதன்பிறகு அந்தப் பெண் மருத்துவமனை இருக்கும் திசைக்கே வரமாட்டார். உதிரப்போக்கு தாங்காமல் போகும்போதுதான் மறுபடி பார்ப்போம்.

டெல்டாவில் ஓர் அரசு மருத்துவமனையின் மகளிர் பிரிவில் செவிலியராக இருக்கிறேன். முதன்முறை துணைக்குப் போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன்: மகள், நாத்தனார், பக்கத்து வீட்டு அக்கா, மக்களைத் தேடி மருத்துவத் திட்டத்தில் புதிதாகச் சேர்ந்த தன்னார்வலர், யாராக இருந்தாலும் சரி. புதிதாக வேலைக்கு வந்த செவிலியர்களும் ஸ்கேன் டெக்னீஷியன்களும் படித்தால் இன்னும் நல்லது.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மிகவும் பயந்தவரிடம் தைரியம் சொல்லிப் பயனில்லை. "நிறுத்து" என்றால் நிறுத்துவார்கள் என்ற நம்பிக்கையை அவருக்குக் கொடுங்கள். பாதிப் பயம் அங்கேயே இறங்கிவிடும். கீழே வரும் எல்லாமே இதைச் சுற்றித்தான்.

எதற்குப் பயம் என்று கேளுங்கள்

"பயமா இருக்கு" என்பதற்குப் பின்னால் ஆளுக்கு ஒரு காரணம் இருக்கும். மூடிய இடத்தில் மூச்சு முட்டும் என்பவருக்கு ஒரு வழி, ஊசியைப் பார்த்தால் மயங்கி விழுபவருக்கு வேறு வழி. சிலருக்கு வலி பயம். சிலருக்கு வெட்கம். சிலருக்கு ரிப்போர்ட்டில் என்ன வருமோ என்ற பயம். அவரைக் கூண்டில்லாத மெஷினில் படுக்க வைத்தாலும் நடுங்கத்தான் செய்வார். முன்பு பிரசவ அறையில் அடியும் வசவும் வாங்கியவர்கள் இருக்கிறார்கள். உடம்பின்மேல் யாரோ அத்துமீறிய அனுபவம் உள்ளவர்களும் இருக்கிறார்கள், நாம் நினைப்பதைவிட அதிகமாகவே.

முந்தின நாள் சாயங்காலம், வீட்டில் ஆள் இல்லாத நேரமாகப் பார்த்துக் கேளுங்கள். "அத்தாச்சி, நாளைக்கு அங்க எது நடந்துடுமோன்னு இருக்கு உங்களுக்கு?" இந்த ஒரு கேள்வி போதும். பதில் வந்தால் கேட்டுக்கொள்ளுங்கள், வராவிட்டால் விட்டுவிடுங்கள். பழைய கதை முழுவதையும் யாரிடமும் சொல்லவேண்டிய கட்டாயம் அவருக்கு இல்லை. டாக்டரிடம்கூட "முன்னாடி மோசமான அனுபவம் இருக்குங்க, அதனால உள்பரிசோதனைன்னா ரொம்பப் பயம்" என்ற ஒரு வரி போதும். வாயால் சொல்ல வராதென்றால் ஒரு துண்டுச் சீட்டில் எழுதி ஓ.பி. சீட்டோடு சேர்த்து நீட்டச் சொல்லுங்கள்.

துணைக்கு யார்?

நோயாளி யாரைச் சொல்கிறாரோ அவர். வீட்டில் மூத்தவர், நன்றாகப் பேசத் தெரிந்தவர், ஆஸ்பத்திரியில் ஆள் தெரிந்தவர் என்பதெல்லாம் அப்புறம். நம் பக்கத்தில் மாமியாரும் மாமனாரும் கணவரும் ஒரு காரில் வந்து இறங்குவது சாதாரணம். வரட்டும், வெளியே உட்காரட்டும். டாக்டர் கேள்வி கேட்கும் நேரத்தில் அறையில் கூட்டம் இருந்தால் உண்மையான பதில் வராது. "அவங்க கொஞ்சம் வெளிய இருக்கட்டும்" என்று செவிலியரே சொல்வதுதான் நல்லது. மருமகள் சொன்னால் வீட்டுக்குப் போனபின் அது வேறு பஞ்சாயத்து ஆகிவிடும். நாங்கள் சொன்னால் ஆஸ்பத்திரி ரூல்.

போவதற்கு முன்னால் கேட்டுக்கொள்ள வேண்டியவை

எந்த வளாகம் என்பதை முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள். தஞ்சாவூரில் மகளிர் மருத்துவத்துக்குப் பெயர்போன ராசா மிராசுதார் மருத்துவமனை ஊருக்குள் இருக்கிறது. மருத்துவக் கல்லூரி மருத்துவமனை வல்லம் போகும் வழியில் தள்ளி இருக்கிறது. இடம் மாறிப்போய், ஆட்டோ பிடித்து, வியர்த்து விறுவிறுத்து வந்து சேர்பவருக்கு ஸ்கேன் அறைக்குள் நுழையுமுன்பே நெஞ்சு அடித்துக்கொள்ளும். கும்பகோணம், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை எங்கே போவதாக இருந்தாலும் கட்டடம், மாடி, அறை எண் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். முடிந்தால் முந்தின வாரம் ஒருநாள் சும்மா போய் அறை வாசலைப் பார்த்துவிட்டு வரலாம். அரசு சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை; அரை நாள்தான் செலவு.

ஸ்கேன் சென்டருக்குப் போன் செய்யும்போது கேட்கவேண்டியவை: எவ்வளவு நேரம் ஆகும்? உள்ளே பெண் ஊழியர் இருப்பாரா? துணைக்கு ஒருவர் அறைக்குள் இருக்கலாமா? வாய் அகலமான மெஷினா? பழைய எம்.ஆர்.ஐ. மெஷின்களில் குழாயின் குறுக்களவு 60 செ.மீ., புதியவை பலவற்றில் 70 செ.மீ. பத்து செ.மீ.தானே என்று தோன்றும். உடம்பு கொஞ்சம் பெருத்தவருக்கும் மூச்சுமுட்டும் பயம் உள்ளவருக்கும் அது பெரிய இடம்.

"பயப்படுவாங்க, கொஞ்சம் நேரம் கூடக் கொடுங்க" என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். காலைக் கூட்டத்தின் நடுவில் சொல்வதைவிட, முந்தின நாள் சொன்னால் கடைசி ஆளாகவோ முதல் ஆளாகவோ போட்டுக்கொடுப்பார்கள். திங்கட்கிழமை ஓ.பி.யைத் தவிர்த்துவிடுங்கள், நிரம்பி வழியும்.

பெண்ணை ஆண் மருத்துவர் பரிசோதிக்கும்போது இன்னொரு பெண் அறையில் இருக்கவேண்டும் என்பது உரிமை. தேசிய மனித உரிமை ஆணையம் வகுத்த நோயாளிகள் உரிமைச் சாசனத்திலேயே இது இருக்கிறது. சலுகைபோலத் தயங்கிக் கேட்க வேண்டியதில்லை.

கையைத் தூக்கினால் நிறுத்தணும்

பரிசோதனை தொடங்குமுன் ஒரு சைகை பேசிக்கொள்ளுங்கள். கையைத் தூக்குவது எளிது. அதற்குப் பொருள் "நிறுத்து" மட்டும்தான். ஏன், எதற்கு என்ற விசாரணை கிடையாது. புதிதாக வந்த செவிலியர்கள் இங்கேதான் சறுக்குகிறார்கள். கை மேலே போகும், இவர்கள் "அவ்ளோதாங்க, முடிஞ்சிடுச்சு, இன்னும் ஒரே நிமிஷம்" என்பார்கள். அந்த ஒரு நிமிடம் நான்கு நிமிடமாகும். அதோடு நம்பிக்கை போயிற்று. அடுத்த டாக்டரையும் சேர்த்துத்தான் அந்தப் பெண் நம்பமாட்டார்.

நிறுத்தினால் வேலை கெட்டுவிடும் என்று ஊழியர்களுக்கு ஒரு பயம் உண்டு. நியாயம்தான், வெளியே ஐம்பது பேர் நிற்கிறார்கள். நோயாளிக்கும் அவசரம் இருக்கும். நடவு நேரத்தில் ஒருநாள் இங்கே வந்தால் ஒருநாள் கூலி போச்சு, இன்னொரு நாள் வரமுடியாது. "எப்படியாவது முடிச்சு விட்டுடுங்கம்மா" என்று அவரே சொல்வார். ஆனால் கையைத் தூக்கி, உண்மையிலேயே நிறுத்தியதைப் பார்த்தவர் அரை நிமிடத்தில் "சரி, பாருங்க" என்று சொல்வதைத்தான் அதிகம் பார்க்கிறேன். பிடித்து அமுக்கி முடிக்கப் பார்த்தால் தசை இறுகி, வலி கூடி, கடைசியில் முடியாமலே போகும். நேரக் கணக்குப் பார்த்தாலும் நிறுத்துவதே லாபம்.

எம்.ஆர்.ஐ.: வேலை முந்தின நாளே தொடங்குகிறது

எம்.ஆர்.ஐ.யில் கதிர்வீச்சு இல்லை, வலி இல்லை. பெரிய காந்தம், குறுகலான குழாய், காதைப் பிளக்கும் சத்தம், அசையாமல் 20 முதல் 45 நிமிடம். பிரச்சினை இவ்வளவுதான், ஆனால் பயந்தவருக்கு இதுவே மலை.

முதலில் நகை. காந்த அறைக்குள் உலோகம் கூடாது. வாசலில் வந்து "எல்லாத்தையும் கழட்டுங்க" என்றால் அங்கேயே அழுகை ஆரம்பித்துவிடும். மூக்குத்தித் திருகை முந்தின நாள் எண்ணெய் விட்டுத் தளர்த்தி வையுங்கள். மெட்டி இறுகியிருந்தால் சோப்புத் தண்ணீரில் கழற்றுங்கள். தாலிதான் பெரிய விஷயம். தங்கம் காந்தத்தில் ஒட்டாது. ஆனாலும் கலப்பு உலோகம் இருக்கலாம், படத்தைக் கெடுக்கும், சூடாகவும் கூடும் என்பதால் கழற்றச் சொல்வார்கள். மஞ்சள் கயிற்றில் ஒரு மஞ்சள் கிழங்கைக் கட்டி முதல் நாளே கழுத்தில் போட்டுக்கொண்டு, பொன் தாலியை வீட்டில் சாமி படத்தின்கீழ் வைத்துவிட்டு வருவது நம் ஊர் வழக்கத்துக்கு ஒத்துவரும். தாலிக் கயிற்றிலும் வளையலிலும் ஊக்கு மாட்டி வைத்திருப்பார்கள், அதை மறந்துவிடுவார்கள். ஒரு சின்ன ஊக்கு காந்தத்தை நோக்கிப் பறக்கும்; கண்ணில் பட்டால் என்ன ஆவது? தாயத்து, அரைஞாணில் கோர்த்த தகடு, பூ வைத்த ஹேர்பின், முக்காட்டில் குத்திய குண்டூசி, பல்செட், காது கேட்கும் கருவி எல்லாம் இந்தப் பட்டியலில் சேரும். இதயத்தில் பேஸ்மேக்கர், மூளையில் கிளிப், எலும்பில் பிளேட், கர்ப்பப்பையில் காப்பர் டி இருந்தால் கட்டாயம் சொல்லவேண்டும். காப்பர் டி இருந்தாலும் பெரும்பாலும் ஸ்கேன் எடுக்கலாம், ஆனால் முடிவு செய்வது ஸ்கேன் சென்டரில் இருப்பவர்கள்.

அப்புறம் ஒத்திகை. கட்டிலுக்கு அடியில் பாயை விரித்து மல்லாந்து படுக்கச் சொல்லுங்கள். போனில் எம்.ஆர்.ஐ. சத்தம் நிறையக் கிடைக்கும், போட்டுவிடுங்கள். முதல் நாள் இரண்டு நிமிடம், மறுநாள் ஐந்து, அப்புறம் பத்து. பேரப்பிள்ளைகள் சுற்றி நின்று சிரிக்கும், சிரிக்கட்டும். கதிர் அறுக்கும் மிஷின் பக்கத்தில் படுத்ததுபோலத் தடதடவென்று வரும் அந்தச் சத்தம் ஏற்கெனவே காதுக்குப் பழகியிருந்தால், அன்றைக்கு அது புது ஆபத்தாகத் தெரியாது. மூச்சையும் அங்கேயே பழக்கலாம்: நான்கு எண்ணி உள்ளே, ஆறு எண்ணி வெளியே. இழுப்பதைவிட விடுவது நீளமாக இருக்கவேண்டும், அதுதான் கணக்கு.

அறைக்குள் போனதும் கையில் ஒரு ரப்பர் பந்து கொடுப்பார்கள். அழுத்தினால் வெளியே மணி அடிக்கும். பலரும் அதைக் கொடுத்துவிட்டுப் போய்விடுகிறார்கள். என் வழி வேறு. "அக்கா, அதை ஒருதடவை அழுத்துங்க" என்று சொல்லுங்கள். அழுத்துவார், மணி அடிக்கும், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் டெக்னீஷியன் கையை அசைத்து மைக்கில் "கேக்குதுங்கக்கா" என்பார். அந்த இரண்டு நொடியில் முகம் மாறுவதை நீங்களே பார்க்கலாம்.

மேசை நகருமுன்பே கண்ணை மூடி, மேலே ஒரு துணியைப் போட்டுவிடுங்கள். பாதி வழியில் கண்ணைத் திறந்து, மூக்குக்கு மேலே சுவரைப் பார்த்தவர்கள்தான் பெரும்பாலும் எழுந்துவருகிறார்கள். குழாய் இரண்டு பக்கமும் திறந்தது, காற்று வந்துகொண்டே இருக்கும் என்று முன்னமே காட்டிவிடுங்கள். இடுப்பு, கர்ப்பப்பை, கால் ஸ்கேன் என்றால் காலை முன்னால் விட்டு எடுக்கமுடியுமா என்று கேளுங்கள். தலை வாய்ப்பக்கமாக நிற்கும். தலை ஸ்கேனுக்கு இது உதவாது, முகத்துக்கு மேலே கூண்டுபோல ஒன்று மாட்டுவார்கள். அதில் கண்ணாடி பொருத்தி வெளியே பார்க்க வைக்கும் வசதி சில மெஷின்களில் உண்டு.

சத்தம் விட்டு விட்டுத்தான் வரும். ஒவ்வொரு படமும் சில நிமிடம், நடுவில் இடைவெளி. டெக்னீஷியன் ஒவ்வோர் இடைவெளியிலும் மைக்கில் "இப்ப நாலு நிமிஷம் வருது... முடிஞ்சுது, அடுத்து மூணு நிமிஷம்" என்று சொன்னால் போதும். நாற்பது நிமிடத்தை ஒரே மூச்சில் யாராலும் தாங்கமுடியாது. நான்கு நிமிடத்தைத் தாங்கலாம். துணைக்கு அனுமதி உண்டென்றால் நீங்களும் உலோகத்தையெல்லாம் கழற்றிவிட்டு, அங்கே தரும் காதடைப்பானைக் காதில் வைத்து, அவர் பாதத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கலாம். பாதத்தில் ஒரு கை இருப்பது உள்ளே இருப்பவருக்குப் பெரிய ஆறுதல்.

படபடப்பு உச்சத்துக்குப் போனாலும் அங்கேயே நிற்காது. பெரும்பாலும் பத்து நிமிடத்துக்குள் உச்சம் தொட்டுத் தானாக இறங்கும். அதனால் யாருக்கும் உயிர் போவதில்லை. இதை அமைதியான நேரத்தில் சொல்லிவையுங்கள். நடுக்கத்தின் நடுவே சொன்னால் காதில் ஏறாது.

சி.டி., எக்ஸ்ரே, மேமோகிராம்

சி.டி. மெஷினைப் பார்த்து எம்.ஆர்.ஐ. என்று பயப்படுகிறார்கள். அது ஒரு வளையம்தான், சில நிமிடத்தில் முடியும். மருந்து ஏற்றி எடுத்தால் உடம்பெங்கும் ஒரு சூடு பரவும், சிறுநீர் போய்விட்டதுபோலத் தோன்றும், போயிருக்காது. இதை முன்னால் சொல்லாததால் "ஏதோ ஆயிடுச்சு" என்று கத்தியவர்கள் உண்டு. அலர்ஜி, சிறுநீரகக் கோளாறு, சர்க்கரை மாத்திரை, கர்ப்பமாக இருக்கும் வாய்ப்பு எல்லாவற்றையும் முன்னாலேயே சொல்லவேண்டும்.

மேமோகிராமில் மார்பைத் தட்டையாக அழுத்துவார்கள். ஒவ்வொரு தடவையும் சில நொடிதான். மாதவிலக்கு முடிந்த வாரத்தில் போனால் வலி குறையும். அன்றைக்குப் பவுடரும் சென்ட்டும் வேண்டாம். எக்ஸ்ரேவுக்குக் கர்ப்பமாக இருக்கும் வாய்ப்பை மட்டும் முன்னாலேயே சொல்லிவிடுங்கள், வேறு ஒன்றும் பெரிதாக இல்லை.

வயிற்று ஸ்கேனும் உள்ளே வைத்துப் பார்க்கும் ஸ்கேனும்

வயிற்றின் மேலே பார்க்கும் ஸ்கேனுக்கு மூத்திரப்பை நிறைந்திருக்கவேண்டும். பஸ்ஸில் வரும்போதே ஒரு பாட்டில் தண்ணீரைக் குடித்துவிட்டு, இரண்டு மணி நேரம் அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பவருக்கு யாரும் சொல்லாமலே படபடப்பு வரும். டோக்கன் எண்ணைப் பார்த்து, முன்னால் எத்தனை பேர் என்று கேட்டு, சுமார் ஒரு மணி நேரம் இருக்கும்போது குடிக்கத் தொடங்கலாம். கர்ப்பிணியாக இருந்தால் அடையாள அட்டை கேட்பார்கள், படிவம் நிரப்பச் சொல்வார்கள். சிசுவின் பாலினத்தைக் கண்டறிவதைத் தடுக்கும் 1994 சட்டத்தின்படி எல்லோருக்கும் செய்வது அது, பயப்பட ஒன்றுமில்லை.

உள்ளே வைத்துப் பார்க்கும் ஸ்கேனுக்கு நேர்மாறு, சிறுநீர் கழித்துவிட்டு வரவேண்டும். இந்த ஸ்கேன் என்று பலருக்கும் சொல்லப்படுவதே இல்லை. மேலே ஜெல் தடவுவார்கள் என்று நினைத்துப் படுத்தவரிடம் திடீரென்று "பாவாடையத் தூக்குங்க" என்றால் யார்தான் வெலவெலக்கமாட்டார்கள்? எனவே சீட்டு எழுதும்போதே "மேல பாக்கறதா, உள்ள பாக்கறதா?" என்று கேட்டுவிடுங்கள். கருவி கட்டைவிரலைவிடச் சற்றுப் பருமன், மேலே ஆணுறை மாட்டி ஜெல் தடவியிருப்பார்கள். அதை நோயாளி தானே உள்ளே வைத்துக்கொள்ளலாம். கேட்டால் பெரும்பாலான இடங்களில் ஒத்துக்கொள்வார்கள். தன் கையால் செய்யும்போது உடம்பு அவ்வளவாக இறுகாது.

கல்யாணம் ஆகாத பெண்கள் இந்த ஸ்கேன் வேண்டாம் என்று சொல்லலாம். வயிற்றின் மேலேயே பார்க்கலாம். அதில் தெளிவு போதாவிட்டால் வேறு வழிகளும் உண்டு. "கல்யாணம் ஆயிடுச்சா?" என்று டாக்டர் கேட்பது உண்மையில் உறவு கொண்டதுண்டா என்பதற்காகத்தான். அம்மா பக்கத்தில் நிற்கும்போது அந்தக் கேள்விக்குச் சரியான பதில் வராது. அம்மாவை ஐந்து நிமிடம் வெளியே டீ குடிக்க அனுப்புவது துணைக்கு வந்தவரின் வேலை.

உள்பரிசோதனையும் கர்ப்பப்பை வாய்ப் பரிசோதனையும்

30 வயதுக்கு மேற்பட்ட பெண்களுக்கு ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே கர்ப்பப்பை வாய்ப் புற்றுக்கான வி.ஐ.ஏ. பரிசோதனை இலவசமாகச் செய்கிறார்கள். 3 முதல் 5 சதவீத அசிட்டிக் அமிலத்தைத் தடவி ஒரு நிமிடம் கழித்துப் பார்ப்பார்கள், வெள்ளையாக மாறும் இடம் இருக்கிறதா என்று. வினிகரில் இருக்கும் அதே அமிலம்தான், லேசாக எரியலாம். முடிவு அங்கேயே தெரிந்துவிடும். மாதவிலக்கு நாட்களில் போகவேண்டாம்.

எல்லோரும் பயப்படுவது ஸ்பெகுலத்துக்கு, அதாவது உள்ளே விரித்துப் பார்க்க உதவும் கருவிக்கு. நோயாளி கேட்கக்கூடியவை நிறைய இருக்கின்றன, யாரும் கேட்பதில்லை. சின்ன அளவு வேண்டும் என்று கேட்கலாம். இரும்புக் கருவியென்றால் வெந்நீரில் காட்டி எடுக்கச் சொல்லலாம். முதலில் கையில் கொடுத்துப் பார்க்கச் சொல்லலாம். பார்த்துத் தொட்ட கருவி அவ்வளவாகப் பயமுறுத்தாது. காலைத் தூக்கிக் கட்டாமல், பாதத்தைக் கட்டிலில் ஊன்றி முழங்காலை மடக்கிப் படுக்கலாம். இடதுபக்கமாகச் சாய்ந்து படுத்தும் பார்க்கலாம். முகத்துக்கு எதிரே டாக்டர் இல்லாததே பலருக்கு நிம்மதி. கருவியை முதலில் தானே செருகிக்கொள்ளலாம். இடுப்புக்குமேல் துணியை அப்படியே விடச் சொல்லலாம். முழுக்கக் கழற்றவேண்டிய தேவையே இல்லை.

புதிய செவிலியருக்கு ஒரு வார்த்தை. "தளர்வா விடுங்க" என்று சொல்லி யாரும் தளர்ந்ததில்லை. உடம்புக்குச் செய்ய ஒரு வேலை கொடுங்கள்: "கால் விரலை ஆட்டிக்கிட்டே இருங்க", "இடுப்பக் கட்டில்ல அழுத்தி வைங்க". விரல் ஆடும்போது தொடை தானாக விடும். செய்வதற்கு முன்னால் ஒவ்வொன்றையும் சொல்லிச் செய்யுங்கள். "இப்ப என் கை தொடையில படும். இப்ப வெளிய ஜெல் வைக்கிறேன், ஜில்லுனு இருக்கும். இப்ப மூச்ச மெதுவா வெளிய விடுங்க, அந்த நேரத்துல உள்ள வரும்." சொல்லாமல் எதுவும் படக்கூடாது. "வலிக்காது" என்றும் சொல்லாதீர்கள்; வலித்துவிட்டால் அடுத்து நீங்கள் சொல்லும் எதையும் நம்பமாட்டார். "அழுத்தம் தெரியும், வலிச்சா கையத் தூக்குங்க" போதும். ஒரு வரி வேடிக்கைப் பேச்சு, "எத்தனை பிள்ளைங்க, இதுக்கா பயம்" மாதிரிப் பேச்சு, இரண்டும் வேண்டாம்.

துணைக்கு வந்தவர் தலைமாட்டில், முகத்தருகே நிற்கவேண்டும்; கால்பக்கம் எட்டிப்பார்க்கக்கூடாது. அவர் வேலை கையைப் பிடிப்பதும், அந்தக் கை மேலே போனால் "மேடம், நிறுத்தச் சொல்றாங்க" என்று சத்தமாகச் சொல்வதும்தான்.

கல்யாணமாகி ஆண்டுக்கணக்காகியும் கணவரோடு சேரமுடியாமல், விரல்கூட உள்ளே போகாத அளவுக்குத் தசை இறுகும் பெண்கள் இருக்கிறார்கள். அதைப் பிடிவாதம் என்று நினைத்துத் திட்டுபவர்கள் டாக்டர்களிலும் உண்டு. அது மருத்துவம் உள்ள கோளாறு. படிப்படியாகப் பழக்கி, மனநல ஆலோசனையோடு சேர்த்துக் குணப்படுத்தலாம். அவர்களுக்கு அன்றைக்கே கருவி போட்டுப் பார்த்துத்தான் ஆகவேண்டும் என்று நிற்பது வீண்.

காப்பர் டி போடுவது, கர்ப்பப்பையிலிருந்து சதை எடுப்பது, குழந்தையின்மைக்காகச் சாயம் ஏற்றிக் கருக்குழாயைப் பார்ப்பது, இவற்றில் மாதவிலக்கு வலிபோல இழுத்துப் பிடிக்கும். வலி மாத்திரையை ஒரு மணி நேரம் முன்னால் போடலாமா, மரத்துப்போக ஊசி உண்டா என்று முந்தின விசிட்டிலேயே கேளுங்கள். அல்சர், ஆஸ்துமா, சிறுநீரகத் தொந்தரவு இருந்தால் எந்த மாத்திரை என்பதை டாக்டர்தான் சொல்லவேண்டும். பொறுத்துக்கொள்வது பெண்ணின் கடமை என்று நினைப்பவர்களோடு வாதாட நேரமில்லை. கேள்வியை மட்டும் விடாமல் கேளுங்கள்.

மயங்கி விழுபவர்

வெள்ளிக்கிழமை, கிருத்திகை என்று விரதத்தோடு வந்து, வெறும் வயிற்றில் கட்டிலில் ஏறி, கண் இருட்டிக்கொண்டு சாய்பவர்களை அடிக்கடி பார்க்கிறோம். வெறும் வயிறு என்று டாக்டர் சொல்லாத பரிசோதனைக்கு இரண்டு இட்லியாவது சாப்பிட்டு வரவேண்டும். ரத்தம், ஊசி என்றாலே மயங்குபவருக்கு ஆழ்ந்த மூச்சு அவ்வளவு உதவாது; தசையை முறுக்குவது உதவும். கை, தொடை, வயிற்றுத் தசைகளைப் பத்துப் பதினைந்து நொடி இறுக்கி, விட்டு, சற்றுக் கழித்து மறுபடி இறுக்கச் சொல்லுங்கள். ரத்த அழுத்தம் விழாமல் நிற்கும். உள்பரிசோதனை நடக்கும்போது மட்டும் தொடையை விட்டுவிட்டுக் கையை முறுக்கச் சொல்லுங்கள். தலை சுற்றினால் படுக்க வைத்துக் காலைத் தூக்கிப் பிடியுங்கள். முடிந்ததும் உடனே இறங்கவிடாதீர்கள்.

மாத்திரையும் மயக்கமும்

இத்தனை செய்தும் முடியாதவர்களுக்குப் பதற்றம் குறைக்கும் மாத்திரை உண்டு. தோற்றுப்போனவருக்குத் தருவது என்று நினைக்கவேண்டாம். டாக்டர் எழுதிக் கொடுத்து, அவர் சொன்ன நேரத்தில்தான் போடவேண்டும். சித்தப்பா தூக்கத்துக்குப் போடும் மாத்திரையில் பாதியை உடைத்துக் கொடுப்பது இங்கே நடக்கிறது, செய்யாதீர்கள். கர்ப்பம், தாய்ப்பால், மூச்சுத் தொந்தரவு, குறட்டை எல்லாவற்றையும் சொல்லுங்கள். அன்று வண்டி ஓட்டக்கூடாது, தனியாகப் பஸ் ஏற்றி அனுப்பவும் கூடாது.

மயக்கமருந்து டாக்டர் வந்து முழுதாகத் தூங்கவைத்துச் செய்வதும் உண்டு. அதற்கு ஆறு மணி நேரம் முன்னாலிருந்து சாப்பாடு கூடாது, வெறும் தண்ணீர் இரண்டு மணி நேரம் முன்புவரை. பால் சேர்ந்த எதுவும் சாப்பாட்டுக் கணக்கில்தான் வரும். "ஒண்ணும் சாப்பிடலைங்க, ஒரு டம்ளர் காபிதான்" என்று நம் ஊரில் காபியைக் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. அந்த ஒரு டம்ளருக்காக நாள் முழுக்கத் தள்ளிப்போகும்.

அன்றைக்கு முடியாவிட்டால்

முடியவில்லை என்றால் அறையில் வைத்தே அடுத்த தேதியையும் வழியையும் கேட்டு வாங்கிக்கொண்டு கிளம்புங்கள். "அப்புறம் பாக்கலாம்" என்று வந்தால் அந்த அப்புறம் வராது. இன்றைக்குக் கட்டிலில் ஏறிப் படுத்ததோடு சரி, அடுத்த தடவை கருவியைத் தொட்டுப் பார்ப்பது, அதற்கடுத்து பரிசோதனை என்று பிரித்துச் செய்ய ஒத்துக்கொள்ளும் டாக்டர்கள் இருக்கிறார்கள். அவசரமில்லாத பரிசோதனைக்கு இது போதும். விடாத உதிரப்போக்கு, மாதவிலக்கு நின்றபின் ரத்தம் என்றால் மட்டும் நாள் கடத்தாமல் மயக்கம் கொடுத்தாவது பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்.

பயம் பரிசோதனை அறையோடு நிற்காமல் தூக்கத்தையும் சாப்பாட்டையும் கெடுத்தால் 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை. மாவட்ட மருத்துவமனைகளில் மனநல ஓ.பி.யும் இருக்கிறது.

வீடு திரும்பும் வழியில் ரிப்போர்ட்டைப் பற்றிப் பேசவேண்டாம், அவராக எடுத்தால் ஒழிய. பஸ்ஸில் உட்கார்ந்ததும் ஓ.பி. சீட்டின் பின்பக்கம் எது உதவியது என்று எழுதி வையுங்கள்: சின்னக் கருவி, இடதுபக்கம் சாய்ந்து படுத்தார், தானே செருகிக்கொண்டார், கையை இரண்டு தடவை தூக்கினார், துணைக்கு நாத்தனார். அடுத்த தடவை வேறு டாக்டர் இருப்பார். பேசத் தெம்பில்லாவிட்டாலும் அந்தச் சீட்டை நீட்டலாம்.